சாய்ப்பு இறக்குவதா, புது வீடு கட்டுவதா? தொழிற்சாலைக் கேமராவுக்கு டிரைவர் எழுதும் கதை

பினாங்கின் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் சோதனைக்கு நிறுத்தியிருந்த ஆய்வு இயந்திரம், ஒரு பிற்பகல் முழுக்க நல்ல சர்க்யூட் போர்டுகளைக் கழித்துத் தள்ளிவிட்டு, பழுதானவற்றைப் பத்திரமாக அடுத்த கட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. படங்கள் தெளிவாக இருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் விழும் ஃபிரேம் எண்கள் ஒன்றுவிடாமல் வரிசையாக வந்தன. லாக் கோப்பில் ஒரு பிழைகூட இல்லை. நானும் உடன் வந்த இளைஞரும் மடிக்கணினிக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, லைனைக் கவனித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் ஒரு போர்டின் மூலையில் சிவப்பு டேப் ஒட்டி உள்ளே அனுப்பினார். திரையில் சிவப்பு டேப் தெரிந்தது. ஆனால் அதற்கு முன்னால் போன போர்டின் எண்ணுக்குக் கீழே தெரிந்தது. “தம்பி, உங்கள் மிஷின் ஒரு போர்டு தள்ளிப் பார்க்கிறது” என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் இடைவேளைக்குப் போய்விட்டார்.

காரணம் தெரிய இரவாகிவிட்டது. கன்வேயரில் எப்போதாவது இரண்டு போர்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். முதல் போர்டின் படத்தை சென்சார் இன்னும் வாசித்து முடிக்காத நேரத்தில் இரண்டாவது போர்டுக்கான டிரிகர் (‘படம் எடு’ என்ற மின் சைகை) வந்தால் எங்கள் கேமரா அதைக் கண்டுகொள்ளாது. படம் எடுக்காததால் ஃபிரேம் எண் கூடவில்லை. எண் கூடாததால் வரிசையில் ஓட்டை தெரியவில்லை. அதன்பின் ஒவ்வொரு போர்டின் தீர்ப்பும் அதற்கு முன்னால் போனதன் தலையில் விழுந்தது.

பாயான் லெப்பாஸுக்குத் திரும்பும் வழியில், 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலத்தில், இளைஞர் சொன்னார்: “அண்ணா, லினக்ஸின் இந்த வி4எல்2 கேமரா இடைமுகத்தை விட்டுவிடலாம். அது வீட்டுக் கேமராவுக்கு எழுதியது. நமக்கென்று சொந்தமாக ஓர் இடைமுகம் எழுதிவிடலாம்.” நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தெருவுக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை போய்வந்தவன்.

பினாங்கில் இந்தக் கேள்வி புதிதல்ல. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கிய நாளிலிருந்து இங்கே சிப் பொட்டலமிடுவதும் சோதிப்பதும்தான் பிழைப்பு. சோதிக்கும் இயந்திரத்தை இங்கேயே கட்டுவது அதன் அடுத்த படி. எங்களைப் போன்ற சிறிய குழுக்கள் பலவும், சென்சாரை ஓர் எஃப்பிஜிஏ (மின்சுற்றை நாமே நிரலால் அமைத்துக்கொள்ளும் சிப்) அட்டையில் பொருத்தி பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற அதிவேக இணைப்பு வழியாகக் கணினிக்குப் படம் அனுப்பும் கட்டத்தை எட்டியதும், ஒருநாள் இந்த முச்சந்தியில் வந்து நிற்கின்றன. பழைய வீட்டில் சாய்ப்பு இறக்குவதா, பக்கத்து மனையில் புது வீடு கட்டுவதா?

பழைய வீடு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் வெப்கேமரா, டிவி அட்டை, கைப்பேசி சென்சார் எல்லாவற்றுக்கும் பொதுவான இடைமுகம் வி4எல்2. வீடியோ0, வீடியோ1 என்று சாதனக் கோப்புகள் தோன்றும். நிரல் அதைத் திறந்து, உன்னால் என்ன முடியும் என்று கேட்கும்; பட அளவைச் சொல்லும்; நான்கைந்து பஃபர்களை, அதாவது படம் வந்து விழும் நினைவகத் துண்டுகளை, கொடுத்து வைக்கும்; ஓடவிடும்; நிரம்பிய பஃபரை எடுத்து, பயன்படுத்திவிட்டு, திரும்பக் கொடுக்கும். வெளிச்சம், எக்ஸ்போஷர் (சென்சார் ஒளி வாங்கும் நேரம்), கெய்ன் (சைகையைப் பெருக்கும் அளவு) போன்றவை ‘கன்ட்ரோல்’ எனப்படும் குமிழ்கள். கேமராவை லினக்ஸோடு இணைக்கும் நிரலான டிரைவரை எழுதுபவர் இந்தச் சடங்குகளுக்கு உட்பட்டால், ஜிஸ்ட்ரீமர், ஓபன்சிவி போன்ற எத்தனையோ நிரல்கள் ஒரு வரி மாற்றாமல் அந்தக் கேமராவைப் பார்க்கும். அதுதான் இந்த வீட்டின் பெரிய சொத்து.

வீட்டின் வாஸ்துதான் இடிக்கிறது. வி4எல்2வின் கண்ணில் கேமரா ஒரு குழாய். திறந்தால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்; ஒரு சொட்டு சிந்தினால் அடுத்த சொட்டு வருகிறது, யாருக்கும் நட்டமில்லை. தொழிற்சாலைக் கேமரா கிணற்று வாளி. கேட்டபோது ஒரு வாளி, கேட்காதபோது சும்மா, எந்த வாளி எந்தக் குடத்துக்கு என்ற கணக்குத் தவறவே கூடாது. இந்த வேறுபாடு ஆவணங்களில் எங்கும் எழுதியிருக்காது. சின்னச் சின்ன இடங்களில் காலை வாரும். ஓபன்சிவியை எடுத்துக்கொள்ளுங்கள். வி4எல்2 கேமராவிலிருந்து ஒரு ஃபிரேம் வருவதற்கு அது இயல்பாக 10 விநாடி காத்திருக்கும். வரவில்லையென்றால் படிப்பது தோற்றது என்று சொல்லிவிடும். வீட்டுக் கேமராவில் 10 விநாடி படமே வரவில்லையென்றால் கேபிள் பிடுங்கிப் போயிருக்க வேண்டும், ஆகவே அது நியாயமான கணக்கு. எங்கள் லைனில் ஷிப்ட் மாறும்போது 20 நிமிடம் ஒரு போர்டும் வராது. திரும்பி வந்தால் கேமரா செத்துவிட்டதாக நிரல் அறிவித்திருக்கும்.

இனி எக்ஸ்போஷர். எங்கள் முதல் இயந்திரத்தில் கடையில் வாங்கிய யுவிசி கேமராவைத்தான் வைத்தோம். யுவிசி என்பது யுஎஸ்பி கேமராக்களுக்கான பொது விதி. 2003இல் முதல் பதிப்பு வந்தது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அதன் டிரைவர் 2008இல் சேர்ந்தது. செருகினால் வேலை செய்யும். ஆனால் யுவிசியில் எக்ஸ்போஷரின் அலகு 100 மைக்ரோவிநாடி. வி4எல்2விலும் அதற்கு இணையான கன்ட்ரோல் அதே அலகில்தான் இருக்கிறது. 1 என்று எழுதினால் 100 மைக்ரோவிநாடி, அதற்குக் கீழே எழுத எண்ணே கிடையாது. எங்கள் கன்வேயர் விநாடிக்கு 300 மில்லிமீட்டர் ஓடும். 100 மைக்ரோவிநாடியில் போர்டு 30 மைக்ரான் நகர்ந்துவிடும். எங்கள் லென்சில் ஒரு பிக்சலுக்கு 10 மைக்ரான். ஆக, இருப்பதிலேயே மிகக் குறைந்த எக்ஸ்போஷரிலும் படம் மூன்று பிக்சல் இழுபடும். 0.4 மில்லிமீட்டர் நீளமும் 0.2 மில்லிமீட்டர் அகலமும் உள்ள மின்தடைக்கு மூன்று பிக்சல் இழுபட்டால், அது சாய்ந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று சோதிடம்தான் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ரோப் விளக்கு வைத்தால் தீருமே என்பார்கள். தீரும். சுற்று வெளிச்சம் குறைவாக இருந்தால், 20 மைக்ரோவிநாடி மட்டும் எரியும் விளக்கு, எக்ஸ்போஷர் நீண்டாலும் அசைவை உறையவைத்துவிடும். ஆனால் எப்போது எரிய வேண்டும் என்று கேமரா விளக்குக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கம்பியைத் திறந்து மூடும் குமிழ் யுவிசியின் பொதுப் பட்டியலில் இல்லை.

இங்கேதான் முதல் சாய்ப்பை இறக்கினோம். யுவிசி விதியிலேயே ‘எக்ஸ்டென்ஷன் யூனிட்’ என்று ஒரு வாசல் விட்டிருக்கிறார்கள்: தயாரிப்பாளர் தன் தனி எண்ணைக் கொடுத்து, தன் விருப்பக் குமிழ்களை அதற்குள் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் டிரைவரும் அந்தக் குமிழ்களை வி4எல்2 கன்ட்ரோல்களாக இணைத்துக்கொள்ள வழி தருகிறது. கேமரா விற்றவர்கள் மைக்ரோவிநாடி எக்ஸ்போஷரையும் ஸ்ட்ரோப்பையும் அங்கே வைத்திருந்தார்கள். இரண்டு நாள் வேலை. கெர்னலில் ஒரு வரிகூடத் தொடவில்லை. அந்த இயந்திரம் இன்றும் ஓடுகிறது. நீட்டிப்பதற்கென்றே ஒருவர் வாசல் விட்டு வைத்திருக்கும்போது சுவரை இடிப்பது முட்டாள்தனம் என்பதற்கு அந்தப் பழைய இயந்திரம் எனக்குச் சாட்சி.

இரண்டாவது இயந்திரத்தில் அந்த முட்டாள்தனத்தைச் செய்தோம். சொந்தக் கேமரா, சொந்த எஃப்பிஜிஏ. ஆகவே சொந்த இடைமுகம். வி4எல்2வை ஒதுக்கிவிட்டு, நேரடியாக ஒரு சாதனக் கோப்பு, அதன்மேல் நாங்களே எண் கொடுத்த பதினேழு ஐஆக்டில் அழைப்புகள் (நிரல் டிரைவருக்கு இடும் கட்டளைகள்), படத்துக்கு ஒரு வட்டப் பஃபர். எழுதும்போது இருந்த சுகத்தை மறைக்கப்போவதில்லை. டிரிகர் எண், கன்வேயர் எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணும் என்கோடரின் நிலை, எக்ஸ்போஷர் தொடங்கிய நேரம் எல்லாம் ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் எழுதப்பட்டு வரும். யாரையும் கேட்க வேண்டாம், எந்தச் சடங்கும் வேண்டாம். வீட்டைக் கட்டிப் பார் என்ற பழமொழியைச் சொன்னவருக்கு, கட்டும்போது வரும் மகிழ்ச்சியும் தெரிந்திருக்கும்.

செலவு பிறகு வந்தது, தவணை முறையில். முதல் தவணை: படத்தைத் திரையில் பார்க்க ஒரு நிரலும் இல்லை. வாடிக்கையாளரின் இடத்தில் சர்வீஸ் பொறியாளர் லென்சைத் திருகி ஃபோகஸ் செய்யக்கூட நாங்கள்தான் பார்வை நிரல் எழுதித் தர வேண்டியிருந்தது. வி4எல்2 கேமராவாக இருந்தால் எந்த லினக்ஸ் கணினியிலும் உள்ள ஏதோ ஒரு நிரல் போதும்.

இரண்டாவது தவணை: இயந்திரத்தின் திரைப் பலகை நிரல் 32 பிட், டிரைவர் 64 பிட். நாங்கள் வரையறுத்த கட்டமைப்பில் ஓர் எண் ஒரு பக்கத்தில் நான்கு பைட், மறுபக்கத்தில் எட்டு பைட். வி4எல்2வில் இந்த மொழிபெயர்ப்பை யாரோ எப்போதோ எழுதி முடித்துவிட்டார்கள் என்பதை, அதை நாமே எழுத உட்காரும்போதுதான் மதிக்கத் தோன்றுகிறது.

மூன்றாவது தவணைதான் வலித்தது. லினக்ஸ் தொகுப்பான உபுண்டுவில் 22.04இலிருந்து 24.04க்கு மாறச் சொல்லி வாடிக்கையாளரின் தகவல் பாதுகாப்புப் பிரிவு கடிதம் அனுப்பியது. கெர்னல் 5.15இலிருந்து 6.8க்குத் தாவியது. எங்கள் டிரைவர் கம்பைல் ஆகவில்லை. கெர்னல் 6.3இல், நினைவகப் பகுதியின் கொடிகளை நேரடியாக எழுதும் வழக்கத்தை நிறுத்தி, அதற்கெனத் தனிச் செயற்கூறுகளைக் கொண்டுவந்திருந்தார்கள்; எங்கள் பஃபரைப் பயனர் நிரலுக்குக் காட்டும் இடத்தில் அந்தக் கொடிகளைத்தான் எழுதியிருந்தோம். 6.4இல், சாதன வகுப்பை உருவாக்கும் செயற்கூறு தன் இரண்டு உள்ளீடுகளில் ஒன்றைக் கைவிட்டிருந்தது. இரண்டும் பார்ப்பதற்குச் சிறியவைதான். ஆனால் லினக்ஸ் ஒரு விஷயத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது: பயனர் நிரல்களுக்குக் கொடுத்த வாக்கை மீறாது, கெர்னலுக்கு உள்ளேயிருக்கும் அமைப்பு நிலையாக இருக்கும் என்று மட்டும் எந்த வாக்கும் தராது. கெர்னலின் சொந்த மூல நிரல் மரத்துக்குள் இருக்கும் டிரைவர்களை மாற்றம் செய்பவரே திருத்திவிட்டுப் போவார். மரத்துக்கு வெளியே நிற்பவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டிரைவரை எழுதியவர் அதற்குள் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பினாங்கில் குழு நடத்துபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பதினேழு அழைப்புகளில் ஐந்துக்கு, அவை ஏன் இருக்கின்றன என்று சொல்ல ஆளில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல. லினக்ஸே ஒருமுறை புது வீடு கட்டியது. வி4எல்2வுக்கு முன்னால் இருந்த வி4எல் போதவில்லை என்று 2002இல் கெர்னல் வளர்ச்சிக் கிளையில் வி4எல்2வைச் சேர்த்தார்கள். பழையதை முழுவதும் அகற்ற முடிந்தது 2011இல். நல்ல காரணத்துக்காக, திறமையான பலர் கூடிக் கட்டியும், இரண்டு வீட்டுக்கும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் வரி கட்ட வேண்டியிருந்தது. நான்கு பேர் உள்ள எங்கள் குழுவுக்கு எத்தனை ஆண்டு பிடிக்கும்?

ஃபயர்வயர் என்ற பழைய கேபிள் இணைப்பில் ஓடிய கேமராக்களின் கதை வேறொரு பாடத்தைச் சொல்கிறது. ஒரு காலத்தில் ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் அவைதான் கோலோச்சின. கெர்னலின் பழைய ஃபயர்வயர் அடுக்கை 2011 வாக்கில் எடுத்துவிட்டுப் புதியதை வைத்தபோது, சாதனக் கோப்பில் நேரடியாகக் கை வைத்திருந்த நிரல்கள் அடிபட்டன. நடுவில் ஒரு நூலகத்தை (பொதுவான நிரல் தொகுப்பை) வைத்து அதனிடம் மட்டும் பேசிய நிரல்கள், நூலகத்தைப் புதுப்பித்ததோடு தப்பின. ஆகவே எந்த வீட்டைத் தேர்ந்தாலும், உங்கள் ஆய்வு நிரல் கெர்னலோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

நடுவில் ஒரு கிளைக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கேமராவைப் பெட்டியாக வாங்குபவராக நீங்கள் இருந்தால் இந்தக் கட்டுரையின் முக்கால்வாசி உங்களுக்கு வேண்டாம். தொழிற்சாலைக் கேமராக்களுக்கான பொது விதிகளான, 2006இல் வந்த கிக்ஈ விஷன் (நெட்வொர்க் கேபிளுக்கு), 2013இல் வந்த யுஎஸ்பி3 விஷன் இரண்டும் கெர்னல் டிரைவர் இல்லாமலே, பயனர் நிரலிலிருந்தே வேலை செய்யக்கூடியவை. அவற்றின்மேல் ஜெனிகேம் என்ற பொது மொழி இருக்கிறது. திறந்த மூலத்தில் அராவிஸ் என்ற நூலகமும் உண்டு. தலைவலி அங்கேயும் உண்டு: லினக்ஸில் பயனர் நிரல்கள் யுஎஸ்பிக்குப் பயன்படுத்தக்கூடிய நினைவகத்துக்கு இயல்பான வரம்பு 16 மெகாபைட். 2448க்கு 2048 பிக்சல் படம் ஒன்றே 5 மெகாபைட். மூன்று படத்துக்கு இடம் உண்டு, நான்காவதுக்கு இல்லை. வரம்பை உயர்த்த ஒரு வரி போதும். அந்த ஒரு வரி தெரியாமல் கேமராவைத் திருப்பி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜெனிகேமைச் சும்மா கடந்து போகவும் முடியாது, ஏனென்றால் நீட்டிப்பதற்கென்றே பிறந்த இடைமுகம் எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் உதாரணம். கேமரா தன் குமிழ்களின் பட்டியலை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பாகத் தன்னோடே வைத்திருக்கிறது. கணினி அதைப் படித்துக் குமிழ்களைத் தெரிந்துகொள்கிறது. புதுக் குமிழ் வேண்டுமா, கேமராவின் கோப்பில் ஒரு பதிவைச் சேருங்கள். கணினிப் பக்கத்தில் எதையும் தொட வேண்டாம். எக்ஸ்போஷர் நேரம் மைக்ரோவிநாடியில், பின்ன எண்ணாக. டிரிகருக்கு முறை, மூலம், முனை என்று நிலைத்த பெயர்கள். படத்தின் வாலில் கவுண்டர் மதிப்பையும் என்கோடர் மதிப்பையும் ஒட்டி அனுப்பும் ‘சங்க்’ வசதி. எங்களுக்கு வேண்டிய சொல் ஒவ்வொன்றையும் யாரோ கூடிப் பேசி முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள். பதினேழு ஐஆக்டில் எழுதிய காலத்தில் இதைப் படித்திருந்தால் அவற்றுக்குப் பெயராவது உருப்படியாக வைத்திருப்போம்.

சரி, சொந்த அட்டைக்கு வருவோம். மூன்றாவது இயந்திரத்தில், சூடுபட்ட பூனையாக, வி4எல்2வுக்கே திரும்பினோம். அதில்தான் பத்து காவான் கூத்து நடந்தது. ஆகவே அந்தப் பக்கத்தின் குறையையும் சொல்ல வேண்டும்.

வி4எல்2வில் வன்பொருள் டிரிகருக்கு நிலையான கன்ட்ரோல் கிடையாது. டிரைவர் எழுதும் ஒவ்வொருவரும் தனிப்பட்ட குமிழாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பெயர் வேறு, மதிப்புகளின் பொருள் வேறு. அதைவிட வினோதமானவையும் உண்டு. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கான குளோபல் ஷட்டர் கேமராவில் வெளி டிரிகரை இயக்க, கன்ட்ரோலே இல்லை. டிரைவர் மாட்யூலின் அமைப்பில் 1 என்று எழுத வேண்டும். டிரிகர் முறையை இயக்கிய பிறகு அந்தக் கேமராவில் எக்ஸ்போஷர் நேரம் என்பது டிரிகர் துடிப்பு தாழ்ந்திருக்கும் நேரத்தோடு 14.26 மைக்ரோவிநாடியைக் கூட்டியது. அதாவது எக்ஸ்போஷரை முடிவுசெய்வது துடிப்பை அனுப்பும் மின்சுற்று. டிரைவரின் எக்ஸ்போஷர் குமிழ் அப்போதும் அங்கேயே இருக்கிறது. திருகினால் ஒன்றும் நடக்காது. டிரைவர் எழுதியவர்களின் தவறு என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. குமிழைத் திருகுபவன்தான் முதலாளி என்று நம்பும் இடைமுகத்தில், முதலாளி வெளியே கம்பியின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல வார்த்தை இல்லை.

நாங்களும் அதையேதான் செய்திருந்தோம். டிரிகர் முறை, ஸ்ட்ரோப் அகலம், தாமதம் என மூன்று தனிக் குமிழ்கள். அவை நன்றாக வேலை செய்தன. குமிழ்கள் நிறைய இருந்ததால் நீட்டிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்தோம். ஆனால் பத்து காவானில் காணாமல் போனது குமிழ் அல்ல. ‘இந்தப் படம் எந்த டிரிகருக்குப் பதில்?’ என்ற ஒரு செய்தி. வி4எல்2 பஃபரோடு வருவது ஃபிரேம் எண்ணும் நேர முத்திரையும்தான். ஃபிரேம் எண் எடுத்த படங்களை எண்ணுகிறது. எடுக்கத் தவறிய படங்களை எண்ண அதற்கு வழியில்லை.

என் எண்ணம் அந்த இரவில்தான் தெளிவானது. நீட்டிப்பதா புதிதாக்குவதா என்று கேமரா முழுவதற்குமாகக் கேட்டதே பிசகு. படத்தைக் கொண்டுவரும் வழி ஒன்று, குமிழ்கள் ஒன்று, எந்தப் படம் எப்போது எதற்காக எடுக்கப்பட்டது என்ற காலக் கணக்கு ஒன்று. படம் வரும் வழியில் நமக்கும் வெப்கேமராவுக்கும் வேறுபாடு அறவே இல்லை, பஃபர் பஃபர்தான். அதைப் புதிதாக எழுதுவது வீண். குமிழ்களில் வேறுபாடு உண்டு, ஆனால் அது பெயர் வேறுபாடு. நீட்டித்தால் போதும், பெயர்களை ஜெனிகேமிடம் கடன் வாங்கலாம். காலக் கணக்கில் மட்டும்தான் குழாய்க்கும் வாளிக்கும் உள்ள வேறுபாடு உண்மையாகவே வெடிக்கிறது. புதிதாக ஏதேனும் வேண்டுமென்றால் அது இங்கே வேண்டும்.

அதற்கும் புது வீடு வேண்டியிருக்கவில்லை. 2017இல் கெர்னல் 4.12இல் வி4எல்2 ஒரு புதிய அறையைத் திறந்தது: படமல்லாத தகவலை, படத்தைப் போலவே பஃபர்களில் தரும் மெட்டாடேட்டா கோப்பு. பழைய வீடு இப்படி வளர்ந்தது அது முதல்முறையும் அல்ல. 2014இலேயே ரேடியோ அலை மாதிரிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கேமரா வீட்டுக்குள் ரேடியோவுக்கு இடம் உண்டென்றால் என் என்கோடருக்கு இருக்காதா?

நாங்கள் செய்தது இதுதான். படத்துக்கு ஒரு சாதனக் கோப்பு, பக்கத்தில் மெட்டாடேட்டாவுக்கு இன்னொன்று. ஒரு ஃபிரேமுக்கு 32 பைட்: டிரிகர் எண், தவறிய டிரிகர்களின் எண்ணிக்கை, என்கோடர் நிலை, எக்ஸ்போஷர் தொடங்கிய நேரம் நானோவிநாடியில். ஒவ்வொன்றும் எட்டு பைட். 32 பிட் நிரல் படித்தாலும் அளவு மாறாது, முன்பு பட்ட சூடு அது. டிரிகரை எண்ணும் வேலையை எஃப்பிஜிஏவில், கம்பி உள்ளே வரும் வாசலிலேயே வைத்தோம். சென்சார் அதை ஏற்றதா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே எண்ணிவிடும். ஆய்வு நிரல் இரண்டு கோப்புகளிலிருந்தும் வருவதை ஃபிரேம் எண்ணால் பொருத்துகிறது. அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே டிரிகர் எண் இரண்டு தாவியிருந்தால், நடுவில் ஒரு போர்டு பார்க்கப்படாமல் போயிருக்கிறது. அதன் கணக்கில் ‘ஆய்வு செய்யப்படவில்லை’ என்று எழுதி, அதை மட்டும் தனித் தட்டுக்கு அனுப்புகிறது. மற்ற போர்டுகளின் வரிசை குலைவதில்லை.

டிரைவர் பக்கத்தில் மூன்று வாரம் பிடித்தது. பதினேழு ஐஆக்டில் வீட்டைக் கட்ட ஐந்து மாதம் ஆனது. வி4எல்2வுக்கென்று ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. டிரைவர் விதிகளுக்கு உட்பட்டு நடக்கிறதா என்று அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டுக் குடைந்தெடுக்கும். முதல்நாள் எங்கள் டிரைவர் அதில் வாங்கிய அடி சொல்லி மாளாது. சொந்த இடைமுகத்தில் அப்படிக் கேள்வி கேட்க யாரும் இல்லை. இப்போது நினைத்தால் அந்தச் சுகம்தான் அச்சுறுத்துகிறது.

இளைஞருக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. இரண்டு கோப்புகளைப் பொருத்துவது அசிங்கம் என்கிறார். உண்மைதான். மெட்டாடேட்டா பக்கத்தில் பஃபரைத் திரும்பக் கொடுக்கத் தாமதித்தால் அந்த ஃபிரேமின் கணக்கு வராமலே போகும். படம் இருக்கும், பிறப்புச் சான்றிதழ் இருக்காது. அதற்காகப் படத்துக்கு ஆறு பஃபர், மெட்டாடேட்டாவுக்கு முப்பத்திரண்டு என்று வைத்திருக்கிறோம். 32 பைட்தானே, எத்தனை வைத்தாலும் நினைவகம் நிரம்பாது. சொந்த இடைமுகத்தில் படமும் கணக்கும் ஒரே பொட்டலமாக வந்தன, அது அழகு. அழகுக்கு அவர் கேட்கும் விலையைக் கொடுக்க நான் தயாராக இல்லை. ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறும்வரை இதைப் பேசிவிட்டு, உடன்படாமலே எழுந்துவருகிறோம்.

வாடிக்கையாளர் சிலர் ஜெனிகேம் இல்லாமல் எங்கள் கேமராவைத் தொடமாட்டோம் என்கிறார்கள். அவர்களுடைய ஆய்வு மென்பொருள் அந்த மொழிதான் பேசும். அவர்களுக்கு, இதே வி4எல்2 டிரைவரின் மேல் பயனர் நிரலாக ஒரு மெல்லிய அடுக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். குமிழ்களுக்கு முதலிலேயே அந்தப் பெயர்களை வைத்ததால் வேலை பாதி குறைந்தது. கெர்னலைத் தொட வேண்டிய தேவை இதுவரை வரவில்லை.

சொந்தமாகக் கட்டுவது சரி என்று நான் ஒப்புக்கொள்ளும் இடமும் உண்டு. வருவது படமே இல்லையென்றால் அதைப் படம் என்று பொய் சொல்லி வி4எல்2வுக்குள் திணிக்கக் கூடாது. முடுக்கமானி, வெப்பமானி, மின்னழுத்த அளவி போன்றவற்றுக்குப் பழைய வீடுகள் எதுவும் பொருந்தாததால்தான் 2009இல் லினக்ஸில் ஐஐஓ என்ற தனிப் பிரிவு தொடங்கியது. அது நியாயமான புது வீடு. ஆனால் அதைக் கட்டியவர்கள் தங்கள் ஒரு கருவிக்காகக் கட்டவில்லை, ஒரு வகை முழுவதற்குமாகக் கட்டினார்கள். நமக்குப் பின்னால் அந்த வீட்டில் குடிவர யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

அடுத்த இயந்திரம் லைன்-ஸ்கேன். வரி வரியாகப் படம் வந்துகொண்டே இருக்கும். ஃபிரேம் என்று ஒன்றே கிடையாது. வி4எல்2வோ உயரம் எத்தனை வரி என்று முதல் கேள்வியிலேயே கேட்கும். 1024 வரிக்கு ஒரு துண்டு என்று வெட்டித் தரலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள்; ஒரு போர்டு இரண்டு துண்டில் பாதி பாதியாக விழும்போது ஒட்டும் வேலை நம் தலையில். இளைஞர் இப்போதே புது இடைமுகத்துக்கு ஒரு வரைவு எழுதிக் கொண்டுவந்திருக்கிறார், இம்முறை ஐஆக்டில் ஏழுதான். நான் அதைப் படித்துவிட்டு, என்கோடர் எண்ணை ஒவ்வொரு துண்டின் மெட்டாடேட்டாவிலும் வைத்து முதலில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். வரைவை அவர் கிழித்துப் போடவில்லை. மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்.